ஜி.பி. ரோடு டெஸ்ட் லாம்ப்: சின்ன சாமான், பெரிய வேலை

காரில் பிரேக் மிதித்தால் பின்னால் விளக்கு எரியவில்லை என்றதும் பல்பு வாங்க ஓடுகிறவர்களே அதிகம். அதற்கு முன் வாங்க வேண்டியது சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் 300 ரூபாய்க்குள் கிடைக்கும், ஒயரில் கரண்ட் வருகிறதா என்று எரிந்து காட்டும் 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப். ஸ்க்ரூடிரைவர் மாதிரி கைப்பிடி, உள்ளே குட்டி பல்பு, நுனியில் ஊசி, வாலில் கிளிப்.

எல்இடி வைத்த லாம்ப்பும் பக்கத்திலேயே தொங்கும், அது வேண்டாம். பல்பு வைத்ததுதான் கொஞ்சமாவது கரண்ட் இழுக்கும். உப்புக்காற்றில் பச்சை பூத்த ஒயரிலும் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டிவிடும்; 21 வாட் பிரேக் பல்பை மாட்டினால் எரியாது. இந்த லாம்ப் அங்கே மங்கலாக எரியும், குட்டு வெளிப்பட்டுவிடும்.

கிளிப்பை பேட்டரி மைனஸில் மாட்டி, ஊசியை பிளஸில் தொட்டு முதலில் லாம்ப்பையே சோதியுங்கள். பிறகு சாவியை ஆன் செய்து, ஃபியூஸ் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளையும் தொடுங்கள். பிரேக் ஃபியூஸில் ஒன்றில் மட்டும் எரிந்தால் ஃபியூஸ் போச்சு. மூன்று பிரேக் லைட்டும் சேர்ந்து அணைந்திருந்தால் பல்பு மேல் பழி போடாதீர்கள். ஃபியூஸ் சரியென்றால் அடுத்தது பெடல் சுவிட்ச்: இரண்டு ஒயர் சுவிட்சில் ஒன்றில் எப்போதும் சப்ளை இருக்கும், மிதித்தால் மற்றதிலும் வர வேண்டும்.

இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து சிமிட்டுகிறதா? பெரும்பாலும் எர்த்து, அதாவது மைனஸ் இணைப்பு, கோளாறு. மழைத்தண்ணீர் இறங்கிய ஹோல்டரில் இது சகஜம். கிளிப்பை பிளஸுக்கு மாற்றி ஊசியை ஹோல்டரின் எர்த்து ஒயரில் வைத்தால் பளிச்சென்று எரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் படபடவென்று அடித்தால் லாம்ப்பே தேவையில்லை. அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கும், அல்லது யாரோ எல்இடி மாட்டியிருப்பார்கள்.

குறை என்றால் ஒயர் நீளம். பேட்டரியிலிருந்து டிக்கிவரை எட்டாது. பேட்டரி மைனஸுக்குப் பதிலாக பெயின்ட் இல்லாத பாடி போல்ட்டில் கிளிப்பை மாட்டித்தான் சமாளிக்க வேண்டும். ஊசி கூர்மையாக இருப்பதால் ஒயர் தோலைக் குத்திப் பார்க்கக் கை துறுதுறுக்கும். குத்தாதீர்கள். அந்த ஓட்டை வழியாக ஈரம் ஏறி, ஒயர் உள்ளேயே அரித்துப்போகும். ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் கப்ளரின் பின்பக்கமாக நுழைத்துத் தொட்டால் போதும். மஞ்சள் கப்ளர் கண்ணில் பட்டால் அது ஏர்பேக் ஒயர். அந்தப் பக்கமே இந்த ஊசி போகக் கூடாது.