ஸ்டிர்லிங் இன்ஜின் கிட்டுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்: எனக்குப் போனது ₹14,800

நேற்று மத்தியானத்தோடு கிட் விற்ற அந்த ஆள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். போனது ₹14,800. ஸ்டிர்லிங் எனும் வெப்பக் காற்று இன்ஜினைச் செய்து ஓட்டிப் பார்க்கும் ஆசை நம்மில் வெகு சிலருக்குத்தான் இருக்கிறது. அந்தச் சிலரைப் பார்த்துத்தான் இவன் கடை விரித்திருக்கிறான். இன்னொருவர் மாட்டுவதற்குள் எழுதிவிடுகிறேன். கிட் வாங்கும்போது எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்பதையும் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

நான்கு வருடமாக எனக்கு இந்தப் பைத்தியம். முதல் இன்ஜினைக் கூல்டிரிங்ஸ் கேனிலும் பலூன் ரப்பரிலும் சைக்கிள் ஸ்போக் கம்பியிலும் செய்தேன். அடியில் மெழுகுவத்தி, மேலே ஐஸ் துண்டு. அது தானாகச் சுற்ற ஆரம்பித்த இரவில் மகளைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் காட்டினேன். உள்ளே அடைபட்ட காற்றை டிஸ்ப்ளேசர் (சுவரைத் தொடாமல் ஏறி இறங்கும் கட்டை) சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் மாற்றி மாற்றித் தள்ளுகிறது. சூடானால் காற்று விரிந்து பவர் பிஸ்டனைத் தள்ளும், குளிர்ந்தால் சுருங்கி இழுக்கும். வால்வு கிடையாது, வெடிக்க பாய்லரும் கிடையாது. இதில் ஒருமுறை மனசு விழுந்துவிட்டால் அப்புறம் கண்ணாடி சிலிண்டரும் கிராஃபைட் பிஸ்டனும் வைத்த நல்ல காமா வகை (பவர் பிஸ்டனுக்குத் தனி சிலிண்டர் உள்ளது) இன்ஜின் ஒன்று வேண்டும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

நான் இருப்பது கோவையில். லேத் பட்டறைக்குப் பஞ்சமே இல்லாத ஊர். ஆனால் கண்ணாடிக் குழாய்க்குள் பத்துப் பன்னிரண்டு மைக்ரான் இடைவெளியில் கிராஃபைட்டைக் கடைந்து தரச் சொன்னால், "ஒத்தப் பீஸுக்கு செட்டிங் போட முடியாதுங்க தம்பி" என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். அதனால்தான் ஆன்லைனில் தேடினேன். கைவினைப் பொருட்கள் விற்கும் ஒரு இணையச் சந்தையில் இவன் பட்டியல் இருந்தது. 16 மி.மீ. போரோசிலிகேட் சிலிண்டர், கிராஃபைட் பிஸ்டன், அரை மில்லிமீட்டர் சுவருள்ள 304 ஸ்டெயின்லெஸ் சூட்டு மூடி (விளக்கின் தீ படும் முனை), பித்தளை ஃப்ளைவீல். ஒவ்வொன்றும் சரியான தேர்வு. படித்ததுமே விஷயம் தெரிந்தவன் என்று நினைத்தேன்.

முதல் போன் கால் நாற்பது நிமிடம் போனது. விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. "டிஸ்ப்ளேசருக்கும் சுவருக்கும் எவ்வளவு கேப் விடுறீங்கண்ணா?" என்று கேட்டான். ஒரு மில்லிமீட்டர் என்றேன். "கரெக்ட்டுங்கண்ணா. ரொம்பக் குறைச்சா காத்து போக வழியில்லாம இழுக்கும், கூட்டினா டெட் வால்யூம், அதான் வேலைக்கு உதவாத காத்து இடம், ஏறிடும்" என்றான். 1816-ல் ராபர்ட் ஸ்டிர்லிங் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் காப்புரிமை வாங்கியது, 1818-ல் அந்த இன்ஜின் ஒரு கல் குவாரியில் தண்ணீர் இறைத்தது, பிலிப்ஸ் கம்பெனி 1950-களில் ரேடியோவுக்காகச் செய்த சின்ன ஜெனரேட்டர், உள்ளங்கைச் சூட்டிலேயே ஓடும் இன்ஜின்கள் என்று எல்லாம் பேசினான். இத்தனை வருடத்தில் இதைப் பற்றி என்னோடு உட்கார்ந்து பேசிய முதல் ஆள் அவன்தான். நான் விழுந்தது அந்தப் பேச்சில்தான்.

கடைசியில்தான் விலைக்கு வந்தான். "சைட் வழியாப் போட்டா கமிஷன் போயிடுதுங்கண்ணா, ₹16,000 ஆகும். நேரா அனுப்புனா ₹14,800. ட்யூன் பண்ணி ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்புவேன்." முன்பணம் ₹5,000 யூபிஐயில் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து ஒரு வீடியோ வந்தது. ஸ்பிரிட் விளக்கில் இன்ஜின் சீராக ஓடுகிறது, பக்கத்தில் ஒரு தாளில் என் பெயர் எழுதி வைத்திருக்கிறது. அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. அன்றே மீதி ₹9,800-ஐயும் அனுப்பிவிட்டேன்.

பெட்டி வந்தது. அன்று இரவே மாட்டினேன். பவர் சிலிண்டரின் அடித்துளையை விரலால் மூடி, பிஸ்டனை மேலே இழுத்து விட்டுப் பார்த்தேன். கசிவு இல்லாமல் உள்ளே திரும்பிப் போனது. சரி, பிஸ்டன் நன்றாக இருக்கிறது என்று அதன் மேல் வைத்த சந்தேகத்தை அப்போதே எடுத்துவிட்டேன். விளக்கை ஏற்றி, இரண்டு நிமிடம் சூடேற்றி, ஃப்ளைவீலைத் தட்டிவிட்டேன். இருபது சுற்று வந்திருக்கும். நின்றுவிட்டது.

மூன்று இரவு என்னைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பேரிங்கில் இருந்த கிரீஸைப் பெட்ரோலில் கழுவினேன், ஏனென்றால் இவ்வளவு சின்ன இன்ஜினுக்கு அந்தக் கிரீஸே பெரிய பாரம். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தேன். டிஸ்ப்ளேசர் கம்பி உரசாமல் நேராக்கினேன். டிஸ்ப்ளேசருக்கும் பிஸ்டனுக்கும் இடையிலான கிராங்க் கோணத்தை 90 பாகைக்குத் திரும்பத் திரும்ப வைத்தேன். ஒவ்வொரு முறையும் அதே இருபது, இருபத்தைந்து சுற்றுதான். மூன்றாம் இரவு பிஸ்டன் பாதியில் இறுகியது. 'டிக்' என்று ஒரு சத்தம். சிலிண்டரில் மேலிருந்து கீழ்வரை விரிசல்.

உடைந்த குழாயிலிருந்து பிஸ்டனை எடுத்து வெள்ளைத் தாளில் இழுத்தேன். கிராஃபைட் என்றால் பென்சில் மாதிரி கோடு விழ வேண்டும். ஒரு கோடும் இல்லை. பிளேடால் சுரண்டினேன், கருப்புப் பூச்சுக்கு அடியில் வெள்ளையாக அலுமினியம். எல்லாம் அப்போதுதான் புரிந்தது. 16 மி.மீ. அலுமினியம் 40 பாகை சூடேறினால் ஏறக்குறைய 15 மைக்ரான் பருக்கும், போரோசிலிகேட் கண்ணாடி 2 மைக்ரான்தான் விரியும். குளிர்ந்திருக்கும்போது அழகாகப் பொருந்துவது சூடானதும் இறுகாமல் என்ன செய்யும்? கிராஃபைட் கேட்டதே அது ஏறக்குறைய கண்ணாடி அளவுக்கே விரியும் என்பதால்தான்.

அடுத்து சூட்டு மூடியில் காந்தத்தை வைத்தேன். கப்பென்று ஒட்டியது. 304 என்றால் இப்படி ஒட்டாது. வெர்னியரில் அளந்தால் சுவர் ஒன்றரை மில்லிமீட்டர். முலாம் பூசிய சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) அது. 304-ஐவிட மூன்று மடங்கு வெப்பத்தைக் கடத்தும். சுவரும் மூன்று மடங்கு கனம். ஆக, குளிர்ந்திருக்க வேண்டிய பக்கத்துக்கு ஒன்பது மடங்கு சூடு ஓடுகிறது. இரண்டு பக்கமும் சூடானால் அந்த இன்ஜின் எதை வைத்து ஓடும்? இரண்டாவது நிமிடத்திலேயே குளிர் பக்கத்தில் கை வைக்க முடியாமல் போனது இதனால்தான். நான் கிராங்க்கைத் திருகிக்கொண்டிருந்தேன்.

வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அதில் ஓடும் இன்ஜினின் கிராங்க் வட்டில் மூன்று துளை. எனக்கு வந்ததில் ஒன்று.

அதற்கப்புறம் அவன் சொன்ன சாக்குகளை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் "ஸ்பிரிட் தரம் சரியில்லைங்கண்ணா." அப்புறம் "உங்களுக்கு ட்யூனிங் இன்னும் கைவரல." அப்புறம் "பிஸ்டன்ல ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுப் பாருங்க." கிராஃபைட் பிஸ்டனில் எண்ணெய் விட்டால் பிசுபிசுத்துப் போகும் என்று அந்த நாற்பது நிமிடத்தில் எனக்குச் சொன்னவனே அவன்தான்! காந்தம் ஒட்டுவதைப் படம் எடுத்து அனுப்பினேன். "430 கிரேடு ஸ்டெயின்லெஸ்லயும் காந்தம் ஒட்டும்ணா" என்றான். ஒட்டும், அது உண்மைதான். அதனால் மூடியின் ஓரத்தை அரத்தால் தேய்த்து உப்புத் தண்ணீரில் ஓர் இரவு போட்டேன். காலையில் செங்காவித் துரு. அந்தப் படத்தையும் அனுப்பினேன். "கூரியர்ல அடிபட்டிருக்கும், திங்கட்கிழமை பேசலாம்." திங்கட்கிழமை எடுக்கவில்லை. செவ்வாய் "மீட்டிங்ல இருக்கேன்". நேற்று ₹14,800-ஐத் திருப்பிக் கொடு என்று ஒரே வரி அனுப்பினேன். பிளாக்.

அந்த இணையச் சந்தையின் உதவி எண்ணில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்கள் தளம் வழியாகப் பணம் வரவில்லையே சார், நாங்கள் எதுவும் செய்ய முடியாது" என்றார். ₹1,200 குறையும் என்று நேரடியாக அனுப்பினேன், ₹14,800 முழுசாகப் போய்விட்டது. சைபர் குற்ற உதவி எண் 1930-ல் புகார் கொடுத்து எண் வாங்கியிருக்கிறேன். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு நாளை பேசுகிறேன். பேங்க்கில், நீங்களே விரும்பி அனுப்பிய பணம் என்கிறார்கள்.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்கு மனசு நிற்கவில்லை. அவசரமாக இவ்வளவுதான். தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள், நான் எடுக்கவில்லை. பிஸ்டனைத் தாளில் இழுத்துப் பாருங்கள், சூட்டு மூடியில் காந்தம் வையுங்கள், இரண்டும் முடிந்த பிறகு விளக்கை ஏற்றுங்கள். ஓட்டிக் காட்டும் வீடியோ கேட்டால் பத்து நிமிடம் வெட்டில்லாமல் கேளுங்கள், பகுதிகளைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்த பேட்ச்சுக்கு எட்டுப் பேர் முன்பணம் கட்டியிருப்பதாக அவனே என்னிடம் பெருமையாகச் சொன்னான். அந்த எட்டுப் பேரில் யாராவது இதைப் படித்தால், மீதியைக் கட்டாதீர்கள். பிஸ்டன் படமும் துருப் படமும் என்னிடம் இருக்கின்றன, கேளுங்கள், அனுப்புகிறேன்.