டிஸ்க் கன்ட்ரோலருக்கு எது? விண்டோஸோடு வரும் டிரைவரா, இன்டெல் ஆர்.எஸ்.டி.யா?

டிஸ்க் கன்ட்ரோலர் என்பது டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் மதர்போர்டுப் பகுதி; அதை விண்டோஸ் இயக்க டிரைவர் என்ற மென்பொருள் வேண்டும். சில வருடங்கள் இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி (சுருக்கமாக ஆர்.எஸ்.டி.) டிரைவரில் ஓட்டிவிட்டு, போன மாதம்தான் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பு) சாட்டா மோடை, அதாவது கன்ட்ரோலர் வேலை செய்யும் முறையை, ஏ.ஹெச்.சி.ஐ. என்ற பொதுவான முறைக்கு மாற்றினேன். இப்போது ஓடுவது விண்டோஸ் 8 காலத்திலிருந்து கூடவே வருகிற மைக்ரோசாஃப்ட் டிரைவர். என் ஓட்டு இதற்குத்தான், ஒளிக்க ஒன்றுமில்லை.

வேகத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஏ.ஹெச்.சி.ஐ.யில் ஒரு போர்ட்டுக்கு ஒரே வரிசை, அதில் 32 கட்டளைகள், எந்த டிரைவர் போட்டாலும் அது நீளாது. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஹெட் நகர்ந்து போகும் நேரத்தை எந்த டிரைவராலும் குறைக்க முடியாது. நான் மாற்றிய பிறகு வித்தியாசம் ஒன்றும் கண்ணில் படவில்லை.

ஆர்.எஸ்.டி.க்கு என்று சில வேலைகள் இருக்கின்றன: மதர்போர்டிலேயே ரெய்டு 1, 5 (பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று செத்தாலும் தரவு தப்பும்படி வைப்பது) அமைப்பது, பழைய சிப்செட்டுகளில் (மதர்போர்டின் முக்கியச் சில்லுகள்) ஒரு சின்ன எஸ்.எஸ்.டி.யை ஹார்ட் டிஸ்க்குக்கு கேஷாக (அடிக்கடி தேவைப்படுவதை வேகமாக எடுக்கும் இடமாக) வைப்பது. அதெல்லாம் வேண்டுமென்றால் மறுபேச்சே இல்லை, அதையே வைத்துக்கொள்ளுங்கள். நான் ரெய்டு 1 கொஞ்ச நாள்தான் வைத்திருந்தேன், ஒரு டிஸ்க் செத்து மீட்டெடுக்கிற நிலை எனக்கு வந்ததில்லை, அதனால் அந்த விஷயத்தில் என் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறு: கணினி எழாத அன்று என்ன ஆகும் என்பது. ஒற்றை டிஸ்க்தான், ரெய்டும் கிடையாது, ஆனாலும் கன்ட்ரோலர் ஆர்.எஸ்.டி. மோடில் இருந்தால், மீட்புக்கு என்று செருகுகிற பென்டிரைவில் அந்த டிரைவர் இல்லாவிட்டால் டிஸ்க் கண்ணிலேயே படாமல் போகலாம். 11ஆம் தலைமுறை இன்டெல் லேப்டாப்பில் வி.எம்.டி. (டிஸ்க்குகளை ஆர்.எஸ்.டி. டிரைவர் வழியே நடத்தும் இன்டெல் அமைப்பு) ஆனில் இருக்க விண்டோஸ் நிறுவப் போனவர்களுக்கு இது தெரியும்: எந்த டிஸ்க்கில் நிறுவ என்று கேட்கும் இடத்தில் பட்டியல் காலியாக நிற்கும், லோட் டிரைவர் பட்டனை அழுத்தி, ஆர்.எஸ்.டி. டிரைவரைத் தனியாகப் பிரித்து வைத்த ஃபோல்டரைக் காட்டினால்தான் டிஸ்க் வரும். உபுண்டு (லினக்ஸ்) நிறுவப் போனாலும் ஆர்.எஸ்.டி.யை அணைத்துவிட்டு வா என்கிறது. அப்புறம், ஆர்.எஸ்.டி.யில் ஒவ்வொரு பதிப்பும் குறிப்பிட்ட சிப்செட்டுகளுக்குத்தான், புதியது என்று எடுத்துப் போட்டால் உங்கள் போர்டுக்கு ஆதரவில்லை என்று நின்றுவிடும். நமக்கான பதிப்பைத் தேடி வைத்திருப்பதே ஒரு வேலை. கூடவே வருகிற டிரைவரில் இந்தத் தலைவலி இல்லை, விண்டோஸ் அப்டேட்டோடு அதுவும் வந்துவிடும்.

டிவைஸ் மேனேஜரில் இந்த டிரைவரின் தேதி 2006 ஜூன் 21 என்று இருப்பதைப் பார்த்துப் பயந்துதான் பலர் ஆர்.எஸ்.டி. பக்கம் ஓடுகிறார்கள் (நானும் அப்படித்தான் போனேன்!). அது வேண்டுமென்றே வைத்த தேதி. தயாரிப்பாளர் தரும் டிரைவர் இருந்தால் அதற்கு வழிவிட வேண்டும் என்பதற்காக மைக்ரோசாஃப்ட் தன்னுடைய டிரைவர்களுக்குப் பழைய தேதி போடுகிறது. பதிப்பு எண்ணைப் பாருங்கள், விண்டோஸின் எண்ணோடு ஒத்துப்போகும்.

மாற்றுவதாக இருந்தால் என்னைப் போல் நேராக பயாஸுக்குள் போய்விடாதீர்கள். அடுத்த பூட்டிலேயே நீலத்திரை, இன்ஆக்ஸசிபிள் பூட் டிவைஸ். திரும்பப் பழைய மோடுக்கே போய்த்தான் உள்ளே வர முடிந்தது. முதலில் விண்டோஸின் எம்.எஸ்.கான்ஃபிக் கருவியில் சேஃப் பூட்டை டிக் செய்து, ரீஸ்டார்ட்டில் பயாஸ் மோடை மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை எழவிட்டு, பிறகு டிக்கை எடுத்தால் சரி. பாஸ்வேர்டு நினைவில் இருக்கட்டும், சேஃப் மோடில் பின் எண் சில நேரம் வேலை செய்யாது. பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் குறியாக்கம்) போட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொண்டு ஆரம்பியுங்கள். ரெய்டு அமைத்திருப்பவர்கள் அந்த மோடைத் தொடவே வேண்டாம்.