லா பெல்லா 760எம் ஃபிளாட்வவுண்ட் ஸ்ட்ரிங்ஸ்: ஜேமர்சன் கட்சிக்காரனோட ரிவ்யூ

ராக், பாப்ல பெஸ்ட் பேஸ் கிட்டார் பிளேயர் யாருன்னு பேச்சு வந்தாலே என்ட்விசில், மெக்கார்ட்னி, ஜான் பால் ஜோன்ஸ், ஃபிளீ, கெடி லீன்னு ஆளாளுக்கு ஒரு பேரோட சண்டைக்கு வருவாங்க. நான் எப்பவுமே ஜேம்ஸ் ஜேமர்சன் கட்சி, அமெரிக்காவுல மோட்டவுன்ங்கிற சோல் மியூசிக் கம்பெனி பாட்டுங்களுக்கு ஸ்டுடியோல பேஸ் வாசிச்சவர். 2020ல ரோலிங் ஸ்டோன் பத்திரிகை போட்ட 50 பேர் லிஸ்ட்லயும் அவருக்குத்தான் முதல் இடம், ஆனாலும் நம்மாளுங்கள்ல பாதிப் பேருக்கு அவர் யாருன்னே தெரியாது. அவர் வாசிச்ச அதே கேஜ்ல, அதாவது அதே தடிமன்ல, லா பெல்லா கம்பெனி இன்னும் ஸ்ட்ரிங் போடுறாங்க, வாங்கி என் பி-பேஸ்ல (ஃபெண்டர் பிரசிஷன் பேஸ்) மாட்டியாச்சு.

கேஜ் 52, 73, 95, 110 (இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு கணக்கு). நாம வழக்கமா போடுற ரவுண்ட்வவுண்ட் (மேல உருண்டக் கம்பி சுத்துனது) செட் 45-105, அதுல இருந்து இதுக்கு வந்தா முதல் நாளே விரல் கதறும். அவ்ளோ டென்ஷன். மாட்டுனதும் நெக் முன்னாடி வளைஞ்சுது, நெக்குக்குள்ள இருக்கிற டிரஸ் ராடுங்கிற கம்பிய டைட் பண்ணி செட்டப் முழுசா திரும்பப் பாக்கணும், நெக் மேல் முனையில ஸ்ட்ரிங் உக்கார்ற நட்ல இருக்கிற காடியையும் கொஞ்சம் அகலமாக்க வேண்டி இருந்துச்சு, இதெல்லாம் பழக்கம் இல்லன்னா நல்ல லூத்தியர் (கிட்டார் ரிப்பேர் பண்றவர்) கிட்ட குடுத்துருங்க, நீங்களே அரம் எடுத்து ராவாதீங்க. விலையும் அதிகம்தான்.

சவுண்டுக்கு வருவோம். மேல சுத்தியிருக்கிறது உருண்டக் கம்பி இல்ல, பட்டையான ரிப்பன், அதனால விரல் நகரும்போது அந்த கீச் சத்தமே கிடையாது, ஹை எண்ட் கம்மி, நோட் "தும்"முன்னு வந்து சட்டுன்னு அடங்கிடும். பிரிட்ஜ் கிட்ட ஸ்ட்ரிங்குக்கு அடியில ஒரு ஸ்பாஞ்ச் துண்டு சொருகி, டோன நடுவுல வச்சு, ஆம்ப் இல்லாம நேரா கம்ப்யூட்டர் ஆடியோ இன்டர்ஃபேஸ்ல குத்தி வாசிச்சுப் பாருங்க, டெம்டேஷன்ஸோட 'மை கேர்ள்' பாட்டு ஆரம்பத்துல தனியா வருமே அந்த பேஸ், கிட்டத்தட்ட அதே சவுண்டு. டெட்ராய்ட்ல மோட்டவுன் ஸ்டுடியோலயும் பேஸ நேரா மிக்சிங் கன்சோலுக்குத்தான் எடுத்தாங்க, ஜேமர்சனோட 1962 பிரசிஷன் பேஸ்லயும் பிரிட்ஜ் கவருக்கு அடியில ஃபோம் இருந்துச்சு.

ஆனா சவுண்டு வந்துட்டா ஜேமர்சன் வந்துருவாரா? அங்கதான் அவர் யாருன்னு புரியும். இந்த ஸ்ட்ரிங்ல வேகமா வாசிச்சா எல்லாம் ஒன்னா குழையுது, கட்டைவிரலால அடிச்சு வாசிக்கிற ஸ்லாப் சுத்தமா எடுபடாது, நீட்டிப் புடிச்சா நோட் நிக்காது. அப்போ மிச்சம் என்ன, எந்த நோட்டு, எந்த இடத்துல, அவ்ளோதான். 1968ல வந்த ஸ்டீவி வொண்டரோட 'ஃபார் ஒன்ஸ் இன் மை லைஃப்' ஹெட்ஃபோன்ல கேளுங்க, ஒரு பார்ல வாசிச்சத அடுத்த பார்ல அப்படியே திரும்ப வாசிக்கிறதே அபூர்வம், ஓப்பன் ஸ்ட்ரிங்க தொட்டுத் தொட்டு அடுத்த கார்டுக்கு வழுக்கிட்டுப் போறாரு, ஆனா பாட்டு ஒரு இடத்துலயும் ஆடல. இதெல்லாம் வலது கை ஆள்காட்டி விரல் ஒன்ன மட்டும் வச்சு! நின்னுக்கிட்டு வாசிக்கிற பெரிய டபுள் பேஸ்ல வளர்ந்த கை அது. நான் ரெண்டு விரல்லயும் திணறுறேன், நாலு பார் தாண்டுனதும் கை தானா பழைய பேட்டர்னுக்கே ஓடுது.

'தி ஹூ' பேண்டோட என்ட்விசில் ரசிகர்கள் கோவிச்சுக்காதீங்க. 1966ல ரோட்டோசவுண்டோட சேந்து அவர் உருவாக்குன ரவுண்ட்வவுண்ட் இல்லன்னா ராக் பேஸுக்கு அந்த பியானோ மாதிரி பளீர் சத்தமே வந்திருக்காது, அவங்க 'லைவ் அட் லீட்ஸ்' ஆல்பம் கேட்டா இப்பவும் புல்லரிக்கும். ஃபிளாட்வவுண்ட்னா பழைய சோல் பாட்டுக்கு மட்டும்தான்னு சொல்றவங்களுக்கு ஒன்னு, அயர்ன் மெய்டன் ஸ்டீவ் ஹாரிஸ் போடுறதும் ஃபிளாட்வவுண்ட்தான். ஆனா என்ட்விசில் வாசிச்சா எல்லாரும் அவரத்தான் பாத்தாங்க, ஜேமர்சன் வாசிச்சது பாடுறவங்களுக்கு அடியில இருந்து. அவர் பேரு மோட்டவுன் ஆல்பம் கவர்ல வந்ததே 1971ல மார்வின் கேயோட 'வாட்ஸ் கோயிங் ஆன்'லதான், அதுக்குள்ள அவர் வாசிச்ச நம்பர் ஒன் ஹிட்டுங்க எத்தனையோ போயிருச்சு. 1983ல 47 வயசுல இறந்துட்டாரு, அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி அந்த 62 பேஸும் திருடு போச்சு, இன்னைக்கு வரைக்கும் கிடைக்கல. இத நினைச்சா எனக்கு இப்பவும் ஆறாது.

யாருக்கு வாங்கலாம்? சோல், பழைய பாப், ரெக்கே, ஸ்டுடியோ ரெக்கார்டிங் பண்றவங்க கண்ணமூடிட்டு வாங்கலாம். ஸ்லாப் வாசிக்கிறவங்க, இப்பதான் கத்துக்கிறவங்க வேண்டாம், கை வலியில பேஸே வெறுத்துரும், அவங்களுக்கு இதே கம்பெனியில 43-104 லைட் செட் இருக்கு. மாட்டுன புதுசுல கொஞ்சம் பளபளன்னு கேக்கும், வாசிக்க வாசிக்கத்தான் அடங்கும், அதனால ஆரம்பத்துலயே முடிவு பண்ணிக் கழட்டிடாதீங்க. ஜேமர்சன் ஸ்ட்ரிங் அறுந்தாத்தான் மாத்துவாராம், நானும் இத இப்போதைக்குக் கழட்டப் போறதில்ல.