நேரலையா, மடல் வழியா?

வெளிநாட்டு வகுப்பறையோடு இணையத்தில் கைகோர்க்க இரண்டு வழிகள்: நேரலை வீடியோ அழைப்பு, அல்லது அவரவர் நேரத்தில் எழுதியும் பதிவுசெய்தும் அனுப்புவது.

நேரலையின் கவர்ச்சியே தனி. எதிரே இருப்பது எந்த நாடு என்று ஆம், இல்லை கேள்விகளாலேயே கண்டுபிடிக்கும் விளையாட்டை ஒருமுறை நடத்திப் பாருங்கள். "நீங்கள் பூமத்திய ரேகைக்குத் தெற்கேயா?" என்று ஒருவர் கேட்க, பின்வரிசையில் நாலு பேர் வரைபடத்தின் மேல் கவிழ்ந்து கிடப்பார்கள். வாய் திறக்காத பிள்ளையும் எழுந்து வரும்.

சிக்கல் கடிகாரத்தில். லண்டனில் காலை 9 மணி என்றால் டோக்கியோவில் குளிர்காலத்தில் மாலை 6, கோடையில் 5. அங்கே வகுப்பு முடிந்திருக்கும். அதோடு முப்பது பேருக்கு ஒரே மைக். பேசுவது என்னவோ அதே ஐந்து பேர்தான். (மைக்கை அணைத்துவிட்டுப் பேசுபவர் பெரும்பாலும் ஆசிரியர்!)

மடல் வழி மெதுவானது. ஆனால் எல்லோரும் எழுதியாக வேண்டும். பிறமொழியில் தடுமாறும் மாணவர் அகராதியைப் புரட்டி, அடித்துத் திருத்தி அனுப்ப அவகாசம் உண்டு. பல நாட்டுப் பள்ளிகளை இணையத்தில் இணைக்கும் அமைப்புகளான, 1988-ல் தொடங்கிய ஐஎர்ன் (iEARN), 2005-ல் ஐரோப்பாவில் வந்த ஈட்வின்னிங் (eTwinning) இரண்டிலும் மாதக்கணக்கில் நீளும் கூட்டுத் திட்டங்களுக்கு முக்கிய இடமுண்டு. ஒரே குறை, எதிர்ப்பக்க ஆசிரியர் பதில் போடாவிட்டால் எல்லாம் படுத்துவிடும்.

என் ஓட்டு மடலுக்கே. முகம் பார்க்க ஆரம்பத்தில் ஒரு அழைப்பு, முடிவில் ஒன்று, அது போதும்.