அம்பாசிடர் ரேடியேட்டர்: பித்தளையிலேயே புதுக் கோரா, அலுமினியமா?

1489 சிசி பெட்ரோல் அம்பாசிடர் கோடை வெயிலில் சிக்னலில் நின்றாலே வெப்பமானி முள் ஏறுகிறது என்றால், உடனே ‘அலுமினியம் போட்டுவிடலாம்’ என்ற யோசனை வந்துவிடும். முதலில், வண்டி எப்போது சூடாகிறது என்று கவனியுங்கள். நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் குறை காற்றில்தான்: தளர்ந்த ஃபேன் பெல்ட், ஃபேனைச் சுற்றி ஷ்ரவுட் (காற்றை ரேடியேட்டர் வழியாகவே இழுக்கவைக்கும் உறை) இல்லாதது. இதற்கு எந்த ரேடியேட்டரும் மருந்தாகாது. நெடுஞ்சாலையில் 70, 80 கிமீ வேகத்தில் தொடர்ந்து ஓடும்போது ஏறினால்தான் கோர்மீது (தண்ணீர் ஓடும் குழாய்கள் நிறைந்த ரேடியேட்டரின் நடுப்பகுதி) சந்தேகப்பட வேண்டும். அப்போதும் கீழ் ஹோஸ் உள்ளே உறிஞ்சிச் சப்பையாகிறதா, இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கோரைச் சோதிப்பது எளிது. இன்ஜின் நன்றாகச் சூடானதும் நிறுத்திவிட்டு, கோரின் முகத்தில் இன்ஃப்ராரெட் வெப்பமானியை இடமிருந்து வலமாக ஓட்டுங்கள். மேல் டேங்கிலிருந்து கீழ் டேங்குக்குத் தண்ணீர் இறங்கும் அமைப்பு என்பதால், சூடு மேலிருந்து கீழாகச் சீராகக் குறைய வேண்டும். நடுவில் செங்குத்தாக ஒரு பட்டை மட்டும் குளிர்ந்திருந்தால் அங்குள்ள குழாய்கள் அடைத்திருக்கின்றன. நகத்தால் தொட்டதும் ஃபின் (குழாய்களுக்கு இடையிலுள்ள மெல்லிய தகடு) பொடியாக உதிர்ந்தால் அந்தக் கோரைச் சுத்தம் செய்து பயனில்லை.

மாற்றுவது என்று முடிவானால், நம் தேர்வு பழைய பித்தளை டேங்குகளை வைத்துக்கொண்டு மூன்று குழாய் வரிசை கொண்ட செம்புக் கோர் போடுவது. பொருத்தும் காதுகள், ஹோஸ் வாய்கள், மூடி எல்லாம் அதே இடத்தில் இருக்கும். வண்டியில் ஒரு துளைகூடப் புதிதாகப் போட வேண்டாம். வழியில் ஒழுகினாலும் ஈயப் பற்று வைக்கத் தெரிந்தவர் போதும். நான்கு வரிசை கேட்காதீர்கள். பின்வரிசைக்கு ஏற்கெனவே சூடான காற்றுதான் போகும். கனத்த கோர் வழியாகக் காற்றை இழுக்கப் பழைய ஃபேனுக்கு வலு போதாது. ஃபின்களும் அங்குலத்துக்கு 10 முதல் 12 போதும். அதற்கு மேல் நெருக்கினால் சிக்னலில் நிற்கும்போது காற்று நுழையாது.

அலுமினியம் செம்பைவிடச் சூட்டை நன்றாகக் கடத்தும் என்பது தவறு. செம்பின் வெப்பக் கடத்துதிறன் (வாட்/மீட்டர்-கெல்வின்) சுமார் 400, அலுமினியத்துடையது சுமார் 235. ஆனாலும் அலுமினிய ரேடியேட்டர் நன்றாகக் குளிர்விப்பதற்குக் காரணம் குழாயின் அகலம். செம்புக் குழாய் பொதுவாக 12 முதல் 16 மிமீ. அலுமினியத்தில் 25 மிமீயும் அதற்கு மேலும் போகலாம். ஃபின்னுக்கும் குழாய்க்கும் நடுவே ஈயமும் இல்லை. எடையும் குறைவு. ஏசி போட்ட வண்டிக்கும் பெரிய இன்ஜின் ஏற்றிய வண்டிக்கும் இதுதான் சரி.

ஆனால் அது பராமரிப்பில் கறார். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் அரிக்கும். எர்த் வயர் சரியில்லாவிட்டால் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வழியே மின்சாரம் கசிந்து குண்டூசித் துளைகள் விழும். மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கூலண்டில் முக்கி, இன்னொன்றை பேட்டரியின் எர்த் முனையில் வையுங்கள், 0.1 வோல்ட்டைத் தாண்டினால் முதலில் எர்த்தைச் சரிசெய்ய வேண்டும். தாங்கிகளில் ரப்பர் அவசியம். உலோகத்தோடு உலோகமாக முடுக்கினால் அதிர்வில் வெல்டிங் விரியும். ஒழுகினால் டிக் வெல்டிங் தெரிந்தவரைத் தேட வேண்டும்.

புதுக் கார்களின் பிளாஸ்டிக் டேங்க் ரேடியேட்டர் மலிவுதான். ஹோஸ் வாய்களும் தாங்கிகளும் பொருந்தாது. மூடியின் அழுத்தமும் பெரும்பாலும் அதிகம். விட்டுவிடலாம்.

மூடியில்தான் பலர் தவறுகிறார்கள். மூடி தாங்கும் அழுத்தம் 1 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) கூடினால் கொதிநிலை சுமார் 1.5 டிகிரி செல்சியஸ் உயரும். அதை நம்பி 7 பிஎஸ்ஐ மூடி இருந்த இடத்தில் 15 போட்டால் ஹீட்டர் ஹோஸோ டேங்க் விளிம்பின் பற்றோ விட்டுவிடும். பழைய மூடியில் பொறித்த எண்ணையே வாங்குங்கள்.

மின்விசிறி சேர்ப்பதானால் டைனமோவா, ஆல்டர்னேட்டரா என்று பாருங்கள். பழைய டைனமோ தருவது 20 ஆம்பியர் அளவில்தான். 12 அங்குல விசிறியே 8 முதல் 12 ஆம்பியர் இழுக்கும். இரவில் ஹெட்லைட்டும் எரியும்போது பேட்டரி இறங்கிவிடும். டைனமோ வண்டிக்கு நல்ல ஷ்ரவுட் போதும்: ஃபேன் இறக்கை பாதி உள்ளே, பாதி வெளியே; சுற்றிலும் 20 முதல் 25 மிமீ இடைவெளி.

எதைப் பொருத்தினாலும் அதற்கு முன் பிளாக்கின் வடிகுழாயைத் திறந்து, நான்காவது சிலிண்டர் பக்கம் படிந்த துருச்சேற்றைக் கழுவி எடுங்கள். வடியாவிட்டால் உள்ளே கம்பி விட்டுக் குத்த வேண்டும். இதைச் செய்யாவிட்டால் அந்தச் சேறு முழுவதும் புதுக் கோரில் போய் அடைக்கும். பிறகு ஒரு பங்கு கூலண்டுக்கு இரண்டு பங்கு டிஸ்டில்டு வாட்டர் கலந்து, ஹீட்டர் வால்வைத் திறந்துவைத்து, மூடி போடாமல் தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து கூலண்டை விடும் வால்வு) திறக்கும்வரை இன்ஜினை ஓடவிட்டு மெதுவாக நிரப்புங்கள்.