பேனாவைக் கீழே வைக்கச் சொன்ன ஆறு வாரப் பயிற்சி

பலதரப்பட்ட மாணவர்கள் இருக்கிற வகுப்பில் யாரையும் விட்டுவிடாமல் எழுத்துப் பாடம் நடத்துவது எப்படி என்று பல்கலைக்கழக ஆசிரியர்களுக்குச் சொல்லித்தரும் இணையவழிப் பயிற்சி ஒன்றை அண்மையில் முடித்தேன். சேரலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் பதில்: சேருங்கள். ஒரே ஒரு வாரம் மட்டும் ஏமாற்றம், அதைக் கீழே சொல்கிறேன்.

இரண்டாவது வாரத்துக்காகவே இந்தப் பயிற்சியில் சேரலாம். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்ற ஒரு மாணவர் எழுதிய ஒரு பக்க வரைவைக் கொடுத்துத் திருத்தச் சொன்னார்கள். வழக்கம்போல் திருத்தினேன், 23 இடத்தில் சிவப்பு மை. அப்புறம் அதே பக்கத்தின் சுத்தமான பிரதி ஒன்றைக் கொடுத்து, பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுதாகப் படித்து, இவர் என்ன சொல்ல வருகிறார் என்று இரண்டு வரியில் எழுதுங்கள் என்றார்கள். அப்போதுதான் தெரிந்தது, நல்ல வாதம் ஒன்று மூன்றாவது பத்தியின் கடைசி வரியில் இருந்திருக்கிறது, நான் அந்த வரியில் ஒரு காற்புள்ளியைத் திருத்திவிட்டு நகர்ந்திருக்கிறேன். 23 பிழைகளையும் வகை பிரித்துப் பார்த்தால் நான்கே வகை, அதில் பாதிக்கு மேல் ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ‘ஏ’ (a), ‘தி’ (the) என்ற சொற்களை விட்டதும் மாற்றிப் போட்டதும். அந்தச் சொற்களே இல்லாத மொழிகளிலிருந்து வருகிறவர்களுக்கு அது பல வருடப் பழக்கத்தில்தான் பிடிபடும், ஒரு கட்டுரையில் சிவப்பு மை போட்டுச் சரிசெய்துவிட முடியாது. வாதத்தைப் பற்றி முதலில் ஒரு குறிப்பு, பிறகு அடிக்கடி வரும் ஒரு வகைப் பிழையை மட்டும் விளக்கம், அவ்வளவுதான் எழுதச் சொன்னார்கள். என் வகுப்பில் இப்போது அப்படித்தான் செய்கிறேன், குறிப்பைப் படித்துவிட்டு மாணவர்கள் வந்து பேசுகிறார்கள், முன்பெல்லாம் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடுவார்கள்.

ஒப்படைப்புக்கான கேள்வியை எழுதுவது பற்றிய பாடமும் உருப்படியானது. ‘விமர்சன நோக்கில் ஆராய்க’ என்று ஒரு வரி கொடுத்தால், வீட்டில் முன்பே யாராவது கல்லூரி படித்திருக்கிற மாணவருக்கு அதன் பொருள் தெரியும், முதல் தலைமுறையாக உள்ளே வருகிறவர் யாரைக் கேட்பார்? எதற்காக இதை எழுதுகிறோம், என்னென்ன செய்ய வேண்டும், எதை வைத்து மதிப்பெண், இந்த மூன்றையும் கேள்வித்தாளிலேயே எழுதிவிடுங்கள் என்கிறார்கள். என் பழைய கேள்விகளை எடுத்துப் பார்த்தேன், ஒன்றில்கூட மூன்றும் இல்லை.

வரலாற்றையும் தொட்டுச் செல்கிறார்கள். மாணவர்களுக்குத் தங்கள் சொந்த மொழிவழக்கின் மீது உரிமை உண்டு என்று அமெரிக்கக் கல்லூரி எழுத்து ஆசிரியர்களின் அமைப்பு 1974இல் நிறைவேற்றிய தீர்மானத்தில் தொடங்குகிறது. ஒவ்வொரு பண்பாட்டுக்கும் பத்தி அமைப்பு வேறு என்று 1966இல் மொழியியலாளர் ராபர்ட் கப்லான் சொன்ன கருத்தை, அதன் மீது பின்னால் வந்த கண்டனங்களோடு சேர்த்தே தருகிறார்கள், இல்லாவிட்டால் தாய்மொழியை வைத்து மாணவருக்கு முத்திரை குத்துவதில் போய் முடிந்திருக்கும்.

நான்காவது வாரம்தான் குறை. டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு, பார்வைக் குறைபாடு, காது கேளாமை எல்லாவற்றையும் 40 நிமிடக் காணொளி ஒன்றில் அடைத்துவிட்டார்கள். அந்தக் காணொளிக்கு வசன வரிகளும் இல்லை. எங்கள் குழுவில் காது கேளாத ஆசிரியர் ஒருவர் இருந்தார், எழுத்து வடிவம் கேட்டு இரண்டு முறை மடல் போட்டு, ஒன்பதாவது நாள்தான் அவருக்குக் கிடைத்தது, அதற்குள் அந்த வாரத்துக் கலந்துரையாடலே முடிந்துவிட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது. கருத்துப் படிவத்திலும் இதை எழுதியிருக்கிறேன்.

கடைசி வாரத்தில் செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று சொல்லும் மென்பொருள்களைப் பற்றிப் பேசினார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு மென்பொருள்களிடம் கொடுத்துப் பார்த்த 2023ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவை இயந்திரம் எழுதியவை என்று தவறாகக் குறிக்கப்பட்டன. எளிய, எதிர்பார்க்கக்கூடிய சொற்களால் எழுதினால் மென்பொருள் சந்தேகப்படுகிறது. அந்த முடிவை மட்டும் வைத்து ஒரு மாணவரைக் கூப்பிட்டு விசாரிக்கிற சக ஆசிரியர்கள் இந்தப் பகுதியை அவசியம் பார்க்க வேண்டும்.

வாரத்துக்கு நான்கு மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள், எனக்கு ஆறு ஆனது. விடைத்தாள் திருத்துகிற மாதத்தில் மட்டும் சேராதீர்கள்.