நார்கேன் மூக்கு ஸ்ப்ரே 4 மி.கி.: ஒரு கருவி, ஒரே ஒரு அடி

ஹெராயின், ஃபென்டனில், மார்ஃபின், ஆக்ஸிகோடோன் எல்லாம் ஓபியாய்டு வகை, அதாவது அபின் போல வேலை செய்பவை. பழுப்புத் தூளோ, கறுப்புப் பிசினோ, மருந்துக்கடை மாத்திரை மாதிரியே அச்சடித்த போலி மாத்திரையோ, அளவு மீறினால் உயிர் போகும் வழி ஒன்றுதான். மூச்சு மெதுவாகி நின்றுவிடுகிறது. அந்த மூச்சைத் திருப்பத்தான் நார்கேன் ஸ்ப்ரே. அதில் உள்ள நலாக்சோன் என்ற மருந்து, மூளையின் ஓபியாய்டு ஏற்பிகளில் ஒட்டியிருக்கும் போதைப்பொருளைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. 2023 மார்ச்சில் மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்த முதல் நலாக்சோன் தயாரிப்பு இது.

பெட்டியில் இரண்டு கருவிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் 0.1 மி.லி. திரவம்தான். இங்கேதான் பெரிய சிக்கல். சளிக்கு அடிக்கும் ஸ்ப்ரே போலவே தெரிவதால், வேலை செய்கிறதா என்று காற்றில் ஒருமுறை அழுத்திப் பார்க்கக் கை போகும். அழுத்தினால் அந்தக் கருவி காலி. வடிவமைப்பில் இதைத் தடுக்க எதுவும் இல்லை என்பது குறைதான்.

யாருக்குக் கொடுக்க வேண்டும்? கூப்பிட்டு, தோளை உலுக்கி, மார்பெலும்பில் விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்தும் அசைவில்லை. மூச்சு விட்டுவிட்டு வருகிறது அல்லது குறட்டை போல இழுக்கிறது. உதடும் நகமும் நீலம் பாரித்திருக்கின்றன. கண்ணின் பாப்பா குண்டூசி முனையளவு சுருங்கியிருக்கிறது. இத்தனையும் சேர்ந்து வரவேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். உசுப்பியும் எழவில்லை, மூச்சு சரியில்லை என்றால் போதும்.

முதலில் ஆம்புலன்ஸை அழையுங்கள். ஆளை மல்லாக்கப் படுக்க வைத்து, கழுத்துக்கு அடியில் கை கொடுத்துத் தலையைப் பின்னால் சாயுங்கள். உங்கள் விரல்கள் மூக்கின் அடியைத் தொடும் வரை முனையை ஒரு துவாரத்துக்குள் விட்டு, அடியிலுள்ள தண்டை ஒரே மூச்சில் முழுதாக அழுத்துங்கள். அவர் மூச்சை இழுக்க வேண்டியதில்லை. மூக்கின் உட்சவ்வே மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். 2-3 நிமிடத்தில் பலனில்லை என்றால் இரண்டாவது கருவி, மறு துவாரம். இடைப்பட்ட நேரத்தில் பலர் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மூச்சு நின்றிருந்தால், தெரிந்தவர்கள் 5 நொடிக்கு ஒருமுறை வாய்வழி மூச்சு கொடுக்கவேண்டும். மூளைக்கு ஆக்சிஜனைக் கொண்டுபோவது அதுதான், ஸ்ப்ரே அல்ல.

மூச்சு திரும்பியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி வரலாம். ஓபியாய்டுக்குப் பழகிய உடம்பென்றால் வியர்வை, உடல்வலி, எரிச்சல், கோபம் எல்லாம் சேர்ந்து வரும். உடனே மறுபடி போதைப்பொருள் எடுக்கத் துடிப்பார், விடக் கூடாது. நலாக்சோனின் பிடி 30 முதல் 90 நிமிடம் வரைதான். மெத்தடோன் என்ற ஓபியாய்டு ஒரு நாளுக்கு மேலும் உடம்பில் நிற்கும், ஆகவே எழுந்து உட்கார்ந்தவர் மறுபடி சாயலாம். ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில் இருங்கள்.

கொகெயின், மெத்தாம்ஃபெட்டமின், மது, டயசெபாம் போன்ற தூக்க மாத்திரை ஆகியவற்றை இது அசைக்காது. ஆனால் கெடுதலும் செய்யாது. கொகெயினிலேயே ஃபென்டனில் கலந்திருக்கலாம் என்பதால் சந்தேகம் இருந்தால் அடித்துவிடுவதே சரி. ஃபென்டனிலோடு கால்நடை மயக்க மருந்தான சைலசின் கலந்திருந்தால் மூச்சு சீராகியும் ஆள் தூங்கிக்கொண்டே இருப்பார். அப்போது அடுத்தடுத்து அடிக்காதீர்கள். பார்க்கவேண்டியது மூச்சைத்தான், விழிப்பை அல்ல.

8 மி.கி. ஸ்ப்ரேவும் சந்தையில் உண்டு. கூடுதல் வீரியம் கூடுதல் பாதுகாப்பு என்று தோன்றும். நியூயார்க் மாநிலக் காவலர்கள் இரண்டையும் பயன்படுத்திய அனுபவத்தை ஒப்பிட்டு 2024-ல் வெளியான அறிக்கையில், பிழைத்தவர்கள் விகிதத்தில் வேறுபாடு இல்லை. வாந்தி முதலான, போதை திடீரென அறுபடுவதால் வரும் விலகல் அறிகுறிகள்தான் 8 மி.கி.யில் அதிகம். 4 மி.கி.யே போதும்.

அறை வெப்பநிலையில் வையுங்கள், வெயிலில் நிற்கும் காருக்குள் வேண்டாம். உறைந்துபோனால் அந்த நிலையில் அடிக்காது, இளகிய பிறகே பயன்படும். போதை எடுப்பவர் தனக்குத் தானே அடித்துக்கொள்ள முடியாது; பெட்டி இருக்கும் இடம் உடன் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.